ஒத்திவைத்தலும் ஒழித்துவிடுதலும்

(பழைய மாணவனான தமிழாசிரியன் ஒருவன்)

பலர் கூடி ஒரு கருமத்தை ஆராய்ந்து முடிவு செய்தல் நாகரிக வாழ்வின் அடையாளங்களுள் ஒன்று. தனியொருவன் தன் மனம்போனபடி செய்து முடிக்கும் செயலினும், பத்துப்பேர் கூடிப் பேசி, மாறுபட்டோர் சொல்லையும் கேட்டு, பின்னர்ப் பெரும்பாலோர் விருப்பின்படி செய்யும் செயல் நிலைபேறுடையது என்பதை நாம் பள்ளிப் பருவத்திலேயே கற்றோம். மாணவர் மன்றக் கூட்டங்களிலே பிரேரணை கொண்டுவருதல், அதனை ஆமோதித்தல், திருத்தம் கூறுதல், வாக்கெடுத்தல் என்னும் முறைகளை ஆசிரியர்கள் நமக்குப் பழக்கினார்கள். முடிவு எவ்வாறு எடுக்கப்படும் என்பது அங்கே கற்பிக்கப்பட்டது. முடிவு எவ்வாறு எடுக்கப்படாமற் போகும் என்பதையோ, பின்னாளிற் சங்கங்களிலும் சபைகளிலும் அங்கத்துவம் பெற்ற பின்னரே பலரும் அறிந்துகொள்கின்றனர்.

இவ்விழா மலரிற் கல்லூரியின் பெருமை பேசும் கட்டுரைகள் பல இடம்பெறும். அவற்றிடையே கூட்டமுறை பற்றிய இவ்வுரை சுவை குன்றியதாகத் தோன்றலாம். ஆயினும், இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள், ஏதேனும் ஒரு சங்கத்திலே தலைவராகவோ, காரியதரிசியாகவோ, தனாதிகாரியாகவோ, நிருவாக சபை உறுப்பினராகவோ இல்லாதவர் மிகச் சிலரே. ஆதலின் ஒத்திவைத்தல் என்னும் இப்பொருள் பற்றிச் சில கூறுதல் பொருத்தமற்றதன்று எனத் துணிந்தேன்.

முதலில் ஒன்று கூறவேண்டும். தாமதமெல்லாம் தீதன்று. 'வினைசெயல்வகை' என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் இருபாலையும் நோக்கிப் பேசுகின்றார். ஆராய்வதெல்லாம் ஒரு முடிவுக்கு வருவதற்கே, வந்தபின் அதனைக் கிடப்பிற் போடுதல் தவறு என்பது ஒரு பால். ஆறவிட்டுச் செய்யத்தக்கவற்றை ஆறவிட்டே செய்தல் வேண்டும் என்பது மற்றொரு பால். பழந்தமிழிலே 'தூங்குதல்' என்னும் சொல் கண்ணயர்தலை மட்டுமன்றித் தொங்குதலையும் காலந்தாழ்த்தலையும் குறித்தது. நம் சங்கங்களின் கூட்ட அறிக்கைகளைப் புரட்டிப் பார்ப்போர், சில பிரேரணைகளுக்கு இம்மூன்று பொருளும் ஒருங்கே பொருந்தக் காண்பர்.

இக்காலக் கூட்டமுறையும் மேற்கூறிய இருபாலையும் கருதியே அமைக்கப்பட்டது. அமெரிக்க இராணுவத்திற் பொறியியலாளராக இருந்த ஹென்றி மார்ட்டின் றொபேட் என்பவர், 1863ஆம் ஆண்டிலே நியூ பெட்போட் என்னும் நகரில் ஒரு தேவாலயத்தில் நடந்த கூட்டத்துக்குத் தலைமை வகிக்க அழைக்கப்பட்டார். கூட்டம் நடத்தும் முறையை அவர் அறியார். அங்கே பட்ட இடர்ப்பாட்டினால் அம்முறைகளைத் தேடிக் கற்று, 1876ஆம் ஆண்டிலே ஒரு கைந்நூலாக வெளியிட்டார். பாராளுமன்றத்துக்கு உரியனவாயிருந்த விதிகள் சாதாரண சங்கங்களின் கைக்கு வந்து சேர்ந்ததில் அந்நூலுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரு பிரேரணையை உடனே முடிவு செய்யாது விடுதற்கு அந்நூல் நான்கு வழிகளை வகுத்துள்ளது. முதலாவது, குறித்த ஒரு நாளுக்கு ஒத்திவைத்தல். இரண்டாவது, ஆராய்ந்து அறிக்கை தருமாறு ஒரு குழுவிடம் ஒப்படைத்தல். மூன்றாவது, அவசர கருமம் ஒன்று குறுக்கிட்டவிடத்து, கையிலுள்ளதைத் தற்காலிகமாக மேசைமேல் வைத்துவிட்டு அதனைக் கவனித்தல். நான்காவது, காலவரையறையின்றி ஒத்திவைத்தல். இவற்றுள் நான்காவது பெயரளவில் ஒத்திவைப்பாயினும் உண்மையில் அப்பிரேரணையைத் தள்ளிவிடுதலேயாம். அதனை விதியும் ஒளிக்கவில்லை. ஆதலின் அப்போது பிரேரணையின் நன்மை தீமைகளை முழுமையாக விவாதிக்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. முதலாவதற்கோ ஓர் எல்லை உண்டு. அடுத்த ஒழுங்கான கூட்டத்துக்கு அப்பால் ஒரு பிரேரணையை ஒத்திவைத்தல் ஆகாது. மூன்றாவது வழி, விவாதமின்றிச் சாதாரண பெரும்பான்மையால் நிறைவேறத்தக்கது. அதனாலேயே, பேச இடங்கொடாமல் ஒரு கருமத்தை அமுக்கிவிட விரும்புவோர் அதனைப் பெரிதும் நாடுவாராயினர். மருந்தாக வைத்ததை நஞ்சாக்கிய கதை இது.

ஈண்டு ஒரு வேடிக்கையையும் குறிப்பிடலாம். 'மேசைமேல் வைத்தல்' என்னும் தொடர் அமெரிக்கருக்குக் கருமத்தை ஒதுக்கிவைத்தலையும், பிரித்தானியருக்கு அதனை உடனே ஆராய்தற்கு முன்வைத்தலையும் குறிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இருநாட்டு அதிகாரிகளும், ஒரே கருத்தை உடையவர்களாயிருந்தும், இச்சொல்லின் பொருட்டு நெடுநேரம் வாதாடினர் என்று சேர்ச்சில் தமது போர் வரலாற்றில் எழுதியுள்ளார். நம் நாடு பிரித்தானிய வழக்கையே பின்பற்றுகின்றது. நமது பாராளுமன்றத்திலே ஓர் அறிக்கை சபாபீடத்தில் வைக்கப்பட்டது என்றால் அது சமர்ப்பிக்கப்பட்டது என்பதே பொருள். எனினும், நம் சங்கங்கள் பலவற்றில் மேசைமேல் வைக்கப்பட்டவை எந்நாட்டு வழக்கைப் பின்பற்றுகின்றன என்பதை வாசகரே நன்கறிவர்.

நல்ல தாமதத்தின் இலக்கணம் யாது? அதற்கு ஓர் எல்லை இருத்தலே. பிரித்தானியப் பிரபுக்கள் சபை, மக்களாற் தெரிவு செய்யப்பட்ட சபையின் சட்டமூலங்களைத் தடுத்துநிறுத்தும் அதிகாரத்தை 1911ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இழந்தது. பெரும்பாலான சட்டமூலங்களை இரண்டு ஆண்டுகள் தாமதப்படுத்தும் உரிமையே அதற்கு எஞ்சியது. 1949ஆம் ஆண்டிலே அதுவும் ஓராண்டாகக் குறுகியது. பணச் சட்டமூலங்களுக்கோ ஒரு மாதமே தவணை. நம் நாட்டிலே 1947 முதல் 1971 வரை இருந்த செனற் சபையும், ஒருமுறை எண்ணியதை மறுமுறையும் எண்ணிப் பார்க்க அவகாசம் வேண்டும் என்னும் கொள்கையின் வழிவந்ததே. மறுபரிசீலனைக்கு நேரம் கொடு, ஆனால் நேரம் முடிந்தபின் முடிவைத் தடுக்காதே என்பதே இவ்வேற்பாட்டின் உட்கிடை.

எல்லையில்லாத தாமதத்தினால் விளையும் தீமைக்கு, அடிமை வியாபார ஒழிப்பின் வரலாற்றிலும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. 1789ஆம் ஆண்டு மே மாதத்திலே வில்லியம் வில்பர்போஸ் பிரித்தானிய மக்கள் சபையில் அவ்வியாபாரத்தின் கொடுமையை எடுத்துரைத்தார். அதனை நேர்நின்று ஆதரித்துப் பேசுதல் எளிதாயிருக்கவில்லை. ஆதலின் எதிர்த்தரப்பினர், சபை தானே சாட்சியங்களைக் கேட்டறிதல் வேண்டும் என்றனர். எவர்தாம் இதனைத் தவறென்பர்? சாட்சியம் கேட்பதிற் காலம் கழிந்தது. 1791ஆம் ஆண்டிலே பிரேரணை 163க்கு 88 என்ற வாக்குகளாற் தோற்றது.

1792ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் அது மீண்டும் வந்தது. நாடெங்குமிருந்து மனுக்கள் குவிந்திருந்தன. அப்பொழுது ஹென்றி டண்டாஸ் என்னும் அமைச்சர் எழுந்து, ஒழிக்கவேண்டியதுதான் எனத் தாமும் ஒப்புக்கொண்டு, 'படிப்படியாக' என்னும் ஒரு சொல்லை மாத்திரம் சேர்க்குமாறு திருத்தம் கூறினார். அவ்வாறு திருத்தப்பட்ட பிரேரணை 230க்கு 85 என்ற பெரும்பான்மையோடு நிறைவேறிற்று. பின்னர் 1796ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி முடிவுநாளாகவும் அச்சபையாற் குறிக்கப்பட்டது. ஆனாற் பிரபுக்கள் சபையோ, தானும் சாட்சியம் கேட்கவேண்டும் என்று கூறி, கருமத்தை அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளியது. அது அங்கே கிடந்தது. குறித்த நாள் வந்தது, போயிற்று. வியாபாரம் நின்றபாடில்லை. அதனை ஒழிக்கும் சட்டம் 1807ஆம் ஆண்டு மார்ச் 25ஆந் திகதியே அரச சம்மதம் பெற்றது.

டண்டாஸின் உள்ளக்கருத்து யாது என்பது பற்றி வரலாற்றாசிரியரிடையே இன்றும் வாதம் உண்டு. வேறு வழியில்லாமையாற் கிடைக்கத்தக்கதைக் கேட்டார் என்பாரும் உளர், வேண்டுமென்றே கெடுத்தார் என்பாரும் உளர். அவ்வாதத்தில் யான் புகவில்லை. எனது நோக்கம் வேறு. 1792க்கும் 1807க்கும் இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளிலே இலட்சக்கணக்கான மக்கள் ஆபிரிக்கக் கரையினின்றும் விலங்கிட்டுக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களை விற்கலாம் என்று அந்தச் சபையில் 230 பேர் வாக்களிக்கவில்லை. விற்கலாகாது என்றே வாக்களித்தனர். 'இப்பொழுது அன்று' என்பது மட்டுமே அவர்கள் சேர்த்த திருத்தம்.

பிரித்தானிய மக்கள் சபையிலே ஒரு சட்டமூலத்தை மறுப்பதற்கு வேறொரு மரியாதையான வழியும் இருந்தது. 'இரண்டாம் முறை இப்பொழுது வாசிக்கப்படுக' என்பதை மாற்றி, 'இன்றைக்கு ஆறு மாதம் கழித்து வாசிக்கப்படுக' என்று திருத்துவர். ஆறு மாதம் கழிய அச்சபை கூடியிராது. அதனாற் சட்டமூலம் மாண்டுபோம். ஆயினும் இங்கே வஞ்சனை இல்லை. இத்திருத்தத்தின் பொருள் மறுப்பு என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். வாக்கெடுப்பிலே யார் எப்பக்கம் நின்றனர் என்பதும் ஏட்டிற் பதிவாகும்.

சிறுபான்மையினர் முடிவைத் தடுப்பதற்குப் பேச்சையே ஆயுதமாகக் கொண்ட வரலாறும் உண்டு. 1881ஆம் ஆண்டு சனவரி 31ஆந் திகதி தொடங்கிய மக்கள் சபையின் அமர்வை, பார்னெல், பிகர் முதலிய ஐரிஷ் உறுப்பினர்கள், தம் நாட்டினரை விசாரணையின்றி மறியலில் வைக்க இடந்தரும் சட்டமூலத்தை எதிர்த்து, 41 மணித்தியாலங்களுக்கு மேலாக நீட்டினர். இறுதியிற் சபாநாயகர் பிராண்ட் தம் பொறுப்பிலேயே விவாதத்தை நிறுத்தி வாக்கெடுப்பு நடத்தினார். விவாத முடிவுப் பிரேரணை என்னும் விதி அடுத்த ஆண்டிலே அங்கு ஏற்பட்டது இதன் விளைவே. அமெரிக்க மூதவையிலோ, 1957ஆம் ஆண்டிலே ஸ்ட்றொம் தேர்மண்ட் என்பார், கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கவந்த சட்டமூலத்துக்கு எதிராக 24 மணித்தியாலமும் 18 நிமிடமும் தனித்து நின்று பேசினார். சட்டமூலம் அவ்வளவிலும் நிறைவேறிற்று. 1964ஆம் ஆண்டிலே அதனினும் விரிவான குடியுரிமைச் சட்டமூலத்துக்கு எதிராக அம்மூதவையில் அறுபது நாட்கள் வரை விவாதம் நீட்டப்பட்டு, சூன் 10ஆந் திகதி 71க்கு 29 என்ற வாக்கினால் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது.

ஐரிஷ்காரரின் நோக்கத்தையும் தேர்மண்டின் நோக்கத்தையும் ஒரு தராசில் வைத்தல் நீதியன்று. முன்னையது வலியிலார் தம் உரிமை காக்கச் செய்தது. பின்னையது பிறர் உரிமையை மறுக்கச் செய்தது. எனினும் ஒரு வகையில் இருதிறத்தாரும் ஒப்பர். அவர்கள் எழுந்து நின்றார்கள், தம் பெயரோடு பேசினார்கள், தடுப்பவர் யார் என்பதை உலகறியச் செய்தார்கள். பின்வந்த சந்ததி அவர்களைப் போற்றவோ தூற்றவோ அதனால் இயன்றது.

நம்மிடையே வழங்கும் தாமதமோ முகமில்லாத தாமதம். இதனை விளக்கத் தமிழ்நாட்டுப் பழஞ்செய்தி ஒன்று உதவும். திருநெல்வேலிப் பகுதியிலுள்ள மானூரிலே, பாண்டியன் மாறஞ்சடையன் காலத்ததும் கி.பி. 800ஆம் ஆண்டை ஒட்டியதுமான ஒரு கல்வெட்டு உண்டு. அவ்வூர்ச் சபையிலே உறுப்பினராதற்கு வேண்டிய தகுதிகளை அது வரையறுக்கின்றது. அத்தோடு, வருகின்ற கருமம் எதுவாயினும் அன்று அன்று என்று மறுத்துச் சபை நடவடிக்கையைக் குலைப்போருக்கும், அவர்களுக்குத் துணைநிற்போருக்கும் ஐந்து காசு தண்டம் விதிக்கின்றது. ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே கூட்டத்தைக் குழப்புவோர் தமிழரிடையே இருந்தனர் என்பதும், அவரைக் கட்டுப்படுத்த நம் முன்னோர் விதி செய்தனர் என்பதும் இதனாற் பெறப்படும். ஆனால் மானூரார் இன்று நம் சங்கங்களுக்கு வருவாராயின் திகைத்துப்போவர். அன்று அன்று என்பார் இங்கு இலர். எல்லோரும் ஆம் ஆம் என்றே சொல்கின்றனர். கருமம் மட்டும் நடைபெறுவதில்லை. இவர்களுக்கு எத்தனை காசு தண்டம் விதிப்பது?

யான் அறிந்த ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்திலே நிகழ்ந்ததைக் கூறுகின்றேன். 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தபின், வேறிடங்களிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சில குடும்பங்கள் அவ்வூரின் எல்லையிற் குடியமர்ந்தன. நிலையத்தில் நடந்த மாலை வகுப்பிலே தம் பிள்ளைகளையும் சேர்க்குமாறு அவர்கள் எழுத்தில் விண்ணப்பித்தனர். முதற் கூட்டத்திலே எல்லோரும் அதனை வரவேற்றுப் பேசினர். நிலையத்தின் யாப்பிலே 'இவ்வூரவர்' என்று இருப்பதால், அதனை ஆராய மூவர் கொண்ட உபகுழு நியமிக்கப்பட்டது. அறிக்கைக்குத் தவணை குறிக்கப்படவில்லை. இரண்டாங் கூட்டத்திலே, மூவருள் ஒருவர் கொழும்புக்குப் போய்விட்டமையால் உபகுழு கூடவில்லை என்று அறிவிக்கப்பட்டது. மூன்றாங் கூட்டத்திலே போதிய உறுப்பினர் இல்லை. படலையடியிலே நின்று உரையாடிக்கொண்டிருந்தோர் உள்ளே வந்திருப்பின் எண்ணிக்கை நிறைந்திருக்கும். நான்காங் கூட்டத்திலே, ஆண்டுப் பொதுக்கூட்டம் அண்மித்துவிட்டமையாற் புதிய நிருவாக சபையே இதனை முடிவு செய்தல் முறை எனப்பட்டது. இதற்கிடையிலே க. பொ. த. சாதாரணதரப் பரீட்சை வந்து முடிந்துவிட்டது.

அப்பிள்ளைகளுள் ஒருவரின் தந்தையார் பின்னொருநாள் என்னைக் கண்டபோது, கோபமின்றியே கூறினார்: "இல்லையெண்டு முதற் கூட்டத்திலேயே சொல்லியிருந்தால் வேற இடம் பாத்திருப்பம், மாஸ்ரர்." அந்த நிலையத்தின் கூட்ட அறிக்கைகள் நான்கிலும் மறுப்பு என்று ஒரு வரி இல்லை. ஒருவரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. விதிக்கு மாறாக யாதும் நடக்கவுமில்லை.

இதற்கு ஒரு சமாதானம் கூறப்படுவதுண்டு. அதனை எளிதாகத் தள்ளிவிடுதல் கூடாது. நம் ஊர்களிலே ஒருவரோடொருவர் உறவினர், அல்லது அயலவர், அல்லது ஒரே பள்ளியிற் படித்தோர். முகத்துக்கு நேரே மறுத்தல் நம்மிடையே பண்பாகக் கொள்ளப்படுவதில்லை. வாக்கெடுத்து இருபிரிவாகிப் பிரிந்தாற் சங்கமே உடைந்துவிடும். ஆதலின் 'பிறகு பார்ப்போம்' என்பது நாகரிகமான மறுப்பு என்பர். இதிலே உண்மை இல்லாமலில்லை. சில வேளைகளிற் சினம் ஆறுவதற்கு ஒரு மாத இடைவெளி பெருந்துணை செய்யும். அத்தகைய ஒத்திவைப்பை யான் குறைகூறேன். ஆனால் இந்நாகரிகத்தின் செலவை யார் கொடுக்கின்றனர் என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும். மறுக்கும் சங்கடத்தினின்றும் தப்பியவர் நாம். காத்திருந்து காலத்தை இழந்தவரோ கூட்டத்துக்கு வெளியே நின்றவர். வெட்டென மறுக்கப்பட்டவனுக்கு வேறு வாயிலைத் தட்டவாவது வழியுண்டு. காத்திருக்கச் சொல்லப்பட்டவனுக்கு அதுவும் இல்லை.

ஆதலின், விதிகளை மாற்றாமலே நம் சங்கங்கள் கைக்கொள்ளத்தக்க சில பழக்கங்களைக் கூற விரும்புகின்றேன். எந்த ஒத்திவைப்புப் பிரேரணையையும், அடுத்து ஆராயப்படும் திகதி குறிப்பிடப்படாவிடில், தலைவர் ஏற்றுக்கொள்ளலாகாது. அவ்வாறு ஒத்திவைக்கப்பட்டது, அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலிலே புதிய கருமங்களுக்கு முன்னதாக இடம்பெறுதல் வேண்டும். உபகுழு அமைப்பதாயின், உறுப்பினர் பெயர், அதனைக் கூட்டுபவர் பெயர், ஆராயவேண்டிய வினா, அறிக்கைக்குரிய நாள் ஆகிய நான்கும் தீர்மானத்திலேயே எழுதப்படுக. குறித்த நாளில் அறிக்கை வராவிடில், அறிக்கையின்றியே கருமம் வாக்குக்கு விடப்படுக. ஒரே கருமத்தை இரண்டாம் முறை ஒத்திவைக்க விரும்பின், அதற்குக் கையுயர்த்துவோரின் பெயர்களைக் காரியதரிசி பதிவு செய்க. ஒத்திவைத்தவர் யார் என்பது ஏட்டில் இருக்குமாயின், ஒத்திவைத்தற்குக் காரணமும் தானே உண்டாகும். இறுதியாக, கருமத்தின் பயனை எதிர்நோக்கி நிற்போர் எவரோ, அவருக்குக் கூட்டம் முடிந்த கிழமையிலேயே எழுத்தில் மறுமொழி அனுப்பப்படுக.

இப்பழக்கங்களால் ஒரு சங்கம் தவறான முடிவுகள் எடுக்காது எனல் இயலாது. தவறான முடிவு எடுக்கப்பட்டால் அதனைத் திருத்தலாம், மறுபரிசீலனைப் பிரேரணை கொண்டுவரலாம், அடுத்த தேர்தலிலே உரியவரை மாற்றலாம். எடுக்கப்படாத முடிவை மாற்றுதற்கு எவ்விதியிலும் இடமில்லை.

விழாக் காலம் நற்கருத்துக்கள் பெருகும் காலம். நூல்நிலையம், விளையாட்டு மைதானம், வறிய மாணவருக்குப் புலமைப்பரிசில் என்றெல்லாம் பழைய மாணவர் சங்கத்தின் முன் பிரேரணைகள் பல வரும். அவை யாவும் நிறைவேறத்தக்கன அல்ல. பணமும் ஆளும் இடங்கொடாதவற்றைத் தெளிவாக மறுப்பதும் கல்லூரிக்கு நாம் செய்யும் தொண்டேயாம். ஏற்பனவற்றை ஏற்போம். அவகாசம் வேண்டுவனவற்றுக்கு நாள்குறித்து அவகாசம் கொடுப்போம். மறுக்கவேண்டியவற்றை எழுந்து நின்று, காரணம் கூறி, நம் பெயரால் மறுப்போம். மாணவர் மன்றத்திலே பிரேரிக்கவும் ஆமோதிக்கவும் எதிர்க்கவும் நமக்குக் கற்றுத்தந்த ஆசிரியப் பெருமக்கள் நம்மிடம் எதிர்பார்த்தது இதுவே. கல்லூரி அன்னை பல்லாண்டு வாழ்க.